ஆர்.எக்ஸ். 100-இல் பேட்டரியை எடுத்துவிட்டு வயரிங்கை எளிமையாக்க முடியுமா?

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை ஒற்றை இருக்கை வண்டியாக மாற்றிவருவதாகவும், இருக்கைக்கு அடியில் இடம் இல்லாததால் பேட்டரியை எடுத்துவிட்டு வயரிங்கையும் குறைக்க விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். வட சென்னையில் வீட்டு வாசலிலேயே அப்படி ஒரு வண்டியைக் கட்டி, நான்கு மழைக்காலங்களாக ஓட்டிவருகிறேன். பேட்டரியைக் கழற்றுவது இந்த வேலையின் கடைசிப் படி என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை முதற்படியாகச் செய்தவர்கள்தான் வாரம் ஒரு பல்பு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பிளக்கில் விழும் பொறிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. ஆர்.எக்ஸ். 100-இல் பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தை, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் மேக்னட்டுக்குள் இருக்கும் தனிக் காயிலே தந்துவிடுகிறது. பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தவுடன் வண்டி கிளம்புவது அதனால்தான். பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் பாயின்ட் (பொறிக்கான இயந்திர சுவிட்ச்) வகை பழைய புல்லட்டுக்கோ, எஸ்டிக்கோ, பெட்ரோல் பம்ப்பும் கணினியும் உள்ள எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிக்கோ இந்தப் பதில் பொருந்தாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இவ்வகை சி.டி.ஐ.யில் சாவி ஒரு வயரை எர்த் செய்துதான், அதாவது வண்டியின் உலோக உடம்போடு இணைத்துத்தான், வண்டியை அணைக்கிறது. விளக்குக்குப் போடுவது போன்ற சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சை அந்த இடத்தில் வைத்தால், ஆஃப் செய்யும்போது வண்டி ஓடும், ஆன் செய்யும்போது நிற்கும்.

அடுத்தது சுமையைக் குறைப்பது. வழக்கமான பல்புகளில் பிரேக் லைட் 21 வாட், பின்னால் எரியும் டேஞ்சர் லைட் 5 வாட், ஒரு பக்கத்து இண்டிகேட்டர்கள் இரண்டும் சேர்ந்து 20 வாட் என, ஹெட்லைட்டைச் சேர்க்காமலே 46 வாட் ஆகிவிடுகிறது. சிக்னலில் ஐடிலில் நிற்கும் 98 சி.சி. வண்டியின் மேக்னட்டிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. எல்.இ.டி.க்கு மாற்றினால் இந்த மூன்றும் சேர்ந்தே சில வாட்டுகளில் அடங்கிவிடும். ஹெட்லைட்டுக்கும், அகன்ற வோல்டேஜ் வரம்பைத் தாங்கும் டிரைவர் (மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) உள்ளேயே அமைந்த எல்.இ.டி.யைத்தான் நான் பரிந்துரைப்பேன். சுமை இப்படிக் குறைந்த பிறகுதான் பேட்டரி இல்லாத வண்டி என்பது பேச்சுக்கே வருகிறது.

பேட்டரியின் இடத்தில் கப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பொருள்) வைக்கச் சொல்வார்கள். அது சரியான யோசனைதான், ஆனால் அதைக் குட்டி பேட்டரி என்று நினைத்துவிடாதீர்கள். 12 வோல்ட்டில் நிரம்பிய 22,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை ஜூல். 10 வாட் பல்பு ஒன்றை ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட அது ஒழுங்காக எரிய விடாது. ஆகவே எஞ்சின் நின்றால் எல்லா விளக்கும் நிற்கும். மேக்னட் தரும் மின்சாரம் அலை அலையாக வருவதால், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான பள்ளத்தை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. மேக்னட் ஒரு சுற்றுக்கு மூன்று முழு அலைகள் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 1,200 ஆர்.பி.எம். ஐடிலில் விநாடிக்கு 60 அலைகள் வரும். இரண்டு பாதிகளையும் பயன்படுத்தும் முழு அலை ரெக்டிஃபையரில் (அலையாக வரும் ஏ.சி. மின்சாரத்தை ஒரே திசையில் பாயும் டி.சி.யாக மாற்றும் கருவி) ஏறத்தாழ 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மின்சாரம் கிடைப்பதால், 2 ஆம்பியர் சுமையிலும் வோல்டேஜ் முக்கால் வோல்ட் அளவுக்கே இறங்கும். அரை அலை முறையில் அது ஒன்றரை வோல்ட்டாகிவிடும். காசை மிச்சம் பிடிக்க 4,700 மைக்ரோஃபாரட் வாங்கினால், முழு அலையிலேயே மூன்றரை வோல்ட் இறங்கும் என்பதால், விளக்குகள் நடுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரிச்சி தெருவில் 35 வோல்ட்டும் 105 டிகிரியும் தாங்கக்கூடிய எலெக்ட்ரோலிடிக் வகையாகக் கேட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் எஞ்சினுக்கு மேலே உட்காரப்போகும் பொருளுக்கு 85 டிகிரி வகை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக் அதிர்வில் அதன் கம்பிக் கால்கள் ஒடிந்துவிடும் என்பதால் ரப்பர் வைத்துக் கட்டுங்கள்.

முழு அலை வேண்டுமானால் மேக்னட்டுக்குள் காயில்களைத் தாங்கும் பிளேட்டில் கை வைத்தாக வேண்டும். விளக்குகளுக்கு மின்சாரம் தரும் லைட்டிங் காயிலின் ஒரு முனை பிளேட்டிலேயே எர்த் ஆகியிருக்கும். அந்த முனையைப் பிரித்து, தனி வயர் பற்றவைத்து, வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போட்டு வெளியே கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் முழு அலை வகை ஆர்.ஆர். யூனிட்டுக்கு (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்: மின்சாரத்தை டி.சி.யாக்கி வோல்டேஜையும் கட்டுப்படுத்தும் பெட்டி) கொடுக்க வேண்டும். சி.டி.ஐ.க்கான காயிலின் எர்த்தும் அதே ஸ்க்ரூவில் இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், தொட்டால் பொறியே வராது. இதன் பிறகு முன்பு ஏ.சி.யில் நேரடியாக எரிந்த ஹெட்லைட்டையும் டி.சி. பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். பழைய வயரில் விட்டுவைத்தால் ஆர்.ஆர். யூனிட்டையே இழப்பீர்கள்.

நான் பட்ட அடி வேறு. புதுப்பேட்டையில் வாங்கிய ஆர்.ஆர். யூனிட்டை, பவுடர் கோட்டிங் முடிந்து பளபளவென்று வந்த சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கினேன். அந்த யூனிட்டுக்கு அதன் உடம்புதான் எர்த். பவுடர் கோட்டிங்கோ மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணூர் விரைவுச் சாலையில் மூன்றாம் கியரில் முறுக்கியபோது வோல்டேஜைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் முதலில் டேஞ்சர் லைட், அடுத்து ஹெட்லைட், கடைசியாக மீட்டர் பல்பு என்று வரிசையாகப் போயின. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கைபேசி வெளிச்சத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது நல்ல பாடம்தான், ஆனால் அதை நீங்களும் படிக்க வேண்டியதில்லை. சேஸிஸை நம்பாமல் ஆர்.ஆர். யூனிட், ஒவ்வொரு விளக்கு, ஹாரன் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் தனித்தனிக் கறுப்பு வயர் இழுத்து, எஞ்சினில் பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டில் சேர்த்துவிடுங்கள். வயர் கொஞ்சம் கூடும். எளிமை என்பதை வயரின் நீளத்தை வைத்து அளக்காமல், நள்ளிரவில் பழுது தேடும்போது எத்தனை இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்தே நான் அளக்கிறேன்.

மற்ற வயரிங் சுலபம். கப்பாசிட்டரின் பிளஸ்ஸிலிருந்து ஒரு ஃபியூஸ், அதிலிருந்து சாவி, சாவியிலிருந்து மூன்று கிளைகள்: ஹெட்லைட்டும் டேஞ்சர் லைட்டும் ஒன்றில், பிரேக் லைட்டும் ஹாரனும் ஒன்றில், இண்டிகேட்டர் ஒன்றில். முன், பின் பிரேக் சுவிட்சுகள் இரண்டையும் இணையாகப் போடுங்கள். எல்.இ.டி.க்கு, இண்டிகேட்டரை மின்னவைக்கும் பழைய ஃபிளாஷர் ஒத்துவராது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும். அப்போதும் நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னினால், மீட்டரில் உள்ள ஒற்றை இண்டிகேட்டர் பல்பு வழியாக மின்சாரம் மறுபக்கத்துக்குக் கசிகிறது என்று பொருள். இடது, வலது வயர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பொருள்) வழியாக அந்த பல்பின் ஒரு முனைக்கும், மறுமுனையை எர்த்துக்கும் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஹாரன் விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சாதாரண டி.சி. ஹாரன் 2 முதல் 3 ஆம்பியர் வரை இழுப்பதால், ஐடிலில் தொண்டை கட்டியவர் போலத்தான் ஒலிக்கிறது. சற்று முறுக்கினால் குரல் வந்துவிடுகிறது. அதற்காக ஹாரனையோ பிரேக் லைட்டையோ கழற்றிவிடாதீர்கள், இரண்டும் சட்டப்படி கட்டாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், ஒற்றை இருக்கை வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்ததும் இருக்கையை மாட்டுவதற்கு முன் கப்பாசிட்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, ஐடிலிலிருந்து மெல்ல முறுக்கிக்கொண்டே பாருங்கள். பதினான்கரை வோல்ட்டுக்கு அருகில் நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு, முதலில் அந்தக் கறுப்பு வயர் சேரும் போல்ட்டைப் பாருங்கள்.