வெளிநாடு கிளம்பும் முன்: ஆடிட்டர் பதில்கள்

அக்டோபர் முதல் வாரம் துபாயில் வேலைக்குச் சேரப் போகிறேன். அங்கே வருமான வரி இல்லை. இங்கேயும் கட்ட வேண்டாம்தானே? (திருச்சி வாசகர்)

செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏற வழியுண்டா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் வருமான வரிச் சட்டம் அவரை வெளிநாட்டில் வசிப்பவராக ஏற்கும். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 29-ல் 182 நிறைந்துவிடும். கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். அக்டோபரில் போனால் அந்த ஆண்டுக்கு நீங்கள் உள்ளூர்க்காரர்தான். மார்ச் வரை துபாயில் வாங்கும் சம்பளமும் இங்கே வரிக்கு உட்படும். வேறு நாடென்றால் அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். துபாயில் வரியே இல்லாததால் கழிக்க ஒன்றுமில்லை! அந்த ஆண்டில் ஏற்கெனவே வெளிநாட்டில் தங்கிய நாட்கள் இருந்தால் அவை உங்களுக்குச் சாதகம். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பாருங்கள்.

சிங்கப்பூர் வந்து ஒரு வருஷமாகிறது. ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்குக்கே சம்பளத்தை அனுப்புகிறேன். வங்கியில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார்கள், சொல்ல வேண்டியது நீங்கள். வரிச் சட்டம் நாள் எண்ணும். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா எண்ணாது. வேலைக்கென்று கிளம்பிய நாளிலிருந்தே உங்களை என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆக்கிவிடும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றுங்கள்; வீட்டு வாடகை, டிவிடெண்ட் எல்லாம் அதில் வரட்டும். வெளிநாட்டுச் சம்பளத்துக்குத் தனியாக என்ஆர்இ என்ற கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிக் கழிக்கும் வரி) ஆகப் பிடிப்பார்கள். வெளியே கொண்டுபோக நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு.

கனடாவில் வேலை பார்க்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்தான். அப்பா இரண்டு ஏக்கர் நஞ்சையை என் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுத நினைக்கிறார்.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். விவசாய நிலத்தை என்ஆர்ஐ விலைக்கு வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது. பத்திரம் பதிவாகிவிடலாம், அதனால் ஃபெமா மீறல் இல்லையென்று ஆகிவிடாது. அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப்போல மும்மடங்குவரை போகும். வாரிசுரிமையாக வருவதற்குத் தடையில்லை என்பதால் அப்பா உயில் எழுதிவைப்பதே சரியான வழி. பின்னால் அதை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்க முடியும். வீடு, பிளாட், அங்கீகரிக்கப்பட்ட மனை வாங்க இந்தத் தடையெல்லாம் இல்லை.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை மூட வேண்டுமா?

வேண்டாம். 15 வருஷம் முடியும்வரை பணம் கட்டலாம். அதற்குமேல் நீட்டிக்க முடியாது, புதிதாகத் தொடங்கவும் முடியாது.

தம்பி பத்தாவது தேறவில்லை. விசிட் விசாவில் குவைத் போ, அங்கே வேலை விசாவாக மாற்றித் தருகிறோம் என்று ஏஜென்ட் ஒரு லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். உரிமம் இருக்கிறதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாவது தேறாதவர் குவைத்துக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். விசிட் விசா என்பது அந்த அனுமதியைத் தாண்டிக் குதிக்கும் வேலை. முறையாகப் போனால் கையில் வேலை ஒப்பந்தம் இருக்கும், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் இருக்கும்.