பெங்களூருவில் புது மருந்துச் சோதனைக்கு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் காரிமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை. பெங்களூருவில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி மையத்தில் புது மாத்திரையின் சோதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள். டெஸ்ட், மாத்திரை, பஸ் காசு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அம்மா "எலி மாதிரி வெச்சுப் பாப்பாங்க"ன்னு அழுகிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாகணும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அப்பாவுக்கு ஏதாவது ஒன்று ஆனால் காரிமங்கலத்திலிருந்து யாருக்குப் போன் போடுவீர்கள், அந்தப் போனை யார் எடுப்பார்கள்? இதற்கு நேரான பதில் வராத சோதனையில் சேர்க்காதீர்கள், எவ்வளவு பெரிய கல்லூரியாக இருந்தாலும் சரி.

நான் பாலக்கோட்டுப் பெண். பெங்களூருவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சில வருடம் ஸ்டடி கோஆர்டினேட்டராக இருந்தேன். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் பேப்பர், போன், தேதி, மாத்திரை டப்பா எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. தமிழ் தெரிந்தவள் என்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வருவார்கள். இப்போது அந்த வேலையில் இல்லை.

முதலில் உங்கள் அம்மா விஷயம். அவரை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 2009-இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்தே இல்லாமல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பிறகு வெளியே வந்தது, 2010-இல் ஆய்வை நிறுத்தினார்கள். மருந்துச் சோதனைகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. அந்தச் சூட்டில்தான் 2013-இல் நஷ்டஈட்டு விதிகள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1956-இல் மதராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், படுக்கையோ எல்லாருக்கும் இல்லை. நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு குணம் தெரிந்தது. 1959-இல் முடிவு வெளியானது. டி.பி. வந்தவரை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகம் மாறியதற்கு அந்த மதராஸ்காரர்கள்தான் பெரிய காரணம். அதே மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அம்மாவிடம் கம்மத்தையும் சொல்லுங்கள், மதராஸையும் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியில் "எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்" என்ற இடம்தான் எனக்கு உறுத்துகிறது. சோதனையில் சேர்வது இலவச வைத்தியத்துக்குப் போவதல்ல. அப்பாவுக்கு எந்த மாத்திரை பொருந்தும் என்று பார்த்து டாக்டர் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. புது மாத்திரையா, பழைய மாத்திரையா, வழக்கமான மருந்தோடு சேர்த்து மருந்தே இல்லாத ஒரு வெற்று மாத்திரையா என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பெரும்பாலான சோதனைகளில் அது எது என்று அப்பாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. "பெரிய ஆஸ்பத்திரி, புது மருந்து, நல்லாத்தான் இருக்கும்" என்ற நினைப்போடு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் சேர்க்கிற அவசரத்தில் அந்த நினைப்பைத் திருத்தாமல் விட்டுவிடுகிற டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கட்டத்துச் சோதனை என்று கேளுங்கள். முதல் கட்டம் என்றால் மருந்து மனித உடம்பில் என்ன செய்கிறது என்றே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அப்பாவை அனுப்ப நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் கட்டம் என்றால் அதற்கு முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் அந்த மருந்தைச் சாப்பிட்டிருப்பார்கள், அடிக்கடி வருகிற பக்கவிளைவுகள் பேப்பரில் எழுதியிருக்கும். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் தொடங்கிய பதிவேடு அது, 2009 ஜூன் முதல் கட்டாயம். எண்ணைப் போட்டுத் தேடினால் எந்த மருந்து, யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த ஊரில் நடக்கிறது, எப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பார்கள் என்று எல்லாம் வரும். எண்ணைச் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது ஒப்புதல் படிவம். பல பக்கம் இருக்கும், தமிழில் கேளுங்கள், தருவார்கள். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் வருகிறோம் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், சோதனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து, எல்லாம் விளக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தறிவோ வசதியோ இல்லாத நிலையில் இருப்பவர்களை முற்றிலும் புதிய மருந்தின் சோதனையில் சேர்த்தால் ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும். கேமராவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அப்பாவுக்கான பாதுகாப்பு. தகவல் தாளிலும் கையெழுத்துப் போட்ட படிவத்திலும் ஒவ்வொரு பிரதி உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

அந்தப் படிவத்தில் தொழில், வருட வருமானம் எல்லாம் கேட்டுவிட்டு, நாமினி பெயர் என்று ஒரு வரி வரும். என் மேஜையில் பலர் தயங்கி நின்ற இடம் அதுதான். பெண்ணாகரம் பக்கத்து அம்மா ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏங் கண்ணு, செத்தா யாருக்குக் காசுன்னு இப்பவே கேட்டு எழுதிக்கிறீங்களா?" என்றார். ஆமாம், அதற்குத்தான் கேட்கிறார்கள். இந்தியாவில் நடக்கிற எல்லாச் சோதனைக்கும் அந்த வரி உண்டு. சோதனையால் உயிர் போனால் நஷ்டஈடு யாரிடம் போக வேண்டும் என்பதற்காக வைத்த வரி. அதைக் கண்டு மிரள வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம்.

நஷ்டஈட்டுக்கு விதியிலேயே கணக்கு இருக்கிறது. மரணம் என்றால் 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் சேரும்போது இருந்த நோயின் தீவிரத்தையும் பெருக்குவார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு அது 4 லட்சத்திலிருந்து 32 லட்சம் வரை வரும், வயது குறையக் குறையத் தொகை கூடும். ஒரு மாதத்துக்குள் இறந்துவிடக்கூடிய நிலையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 2 லட்சம். சோதனையின்போது பாதிப்பு வந்தால், அது சோதனையால் வந்ததல்ல என்று முடிவாகிற வரை வைத்தியச் செலவும் அவர்களுடையது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு ஏதாவது ஆனால், அது நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு நடத்தும் டாக்டர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், மருந்து நிறுவனத்துக்கும், சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கும் சொல்லியாக வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது அந்தக் கல்லூரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். குழுவின் தொடர்பு எண் தகவல் தாளில் இருக்கும். டாக்டர் மேல் குறை இருந்தால் பேச வேண்டிய இடம் அதுதான்.

இதெல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. காரிமங்கலத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி.

அப்பாவுக்கு ராத்திரி சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டுகிறது என்று வையுங்கள். பெங்களூரு மூன்று மணி நேரம். நீங்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் ஓடுவீர்கள், ஓட வேண்டியதும் அங்கேதான். டியூட்டி டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று கேட்பார். உங்களுக்குத் தெரியாது. டப்பாவில் மருந்தின் பெயருக்குப் பதில் ஒரு எண் இருக்கும். இந்த நேரத்துக்காகத்தான் சோதனையில் சேர்ந்தவருக்கு ஒரு அட்டை தருவார்கள், அதில் 24 மணி நேர எண் இருக்கும். அவசரம் என்றால் ரகசியத்தை உடைத்து அது எந்த மருந்து என்று அவர்கள் சொல்ல முடியும். அட்டையை வாங்கிய அன்றைக்கே, வீட்டுக்கு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். சங்கடப்படாதீர்கள். எடுத்தால் நல்லது, தமிழில் பேசினால் இன்னும் நல்லது. எடுக்கவில்லை என்றால் மறுநாளே போய்ச் சொல்லுங்கள், சரிசெய்கிற வரை மாத்திரையைத் தொடங்க வேண்டாம். அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும், போட்டோ வீட்டில் எல்லார் போனிலும் இருக்கட்டும். தருமபுரியில் சேர்த்தாலும் பில், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைக்காதீர்கள்.

பயணமும் லேசு இல்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். நம்மவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, சாப்பிடாமல் கிறங்கிப்போய் வந்து நிற்பார்கள். சர்க்கரைக்காரருக்கு அது ஆபத்து. முதல் நாள் ராத்திரி தங்க ஏற்பாடு உண்டா, அல்லது நேரத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று சேரும் முன்னாலேயே கேளுங்கள். பயணப்படியில் கூட வருகிற உங்களுக்கும் சேர்த்துத் தருகிறார்களா, அன்றைக்கே தருகிறார்களா என்பதும் முக்கியம். ஒரு நாள் கூலி போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிக்காரர்கள் தேதிக்கு வரவே மாட்டார்கள். வருகிறவர்களின் சர்க்கரை அளவும் அந்த இரண்டு மாதம் தனிக் கதை. சாப்பாட்டு டைரியில் எத்தனை ரொட்டித் துண்டு என்று கட்டம் போட்டிருப்பார்கள், நான் பக்கத்தில் களி எத்தனை உருண்டை என்று பேனாவால் எழுதிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவும் யோசித்து முடிவெடுத்தாலும் அப்பாவைச் சேர்க்காமலே திருப்பி அனுப்பலாம். முதலில் ஸ்க்ரீனிங், அதாவது தகுதி பார்க்கிற பரிசோதனை நடக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அவர்கள் கேட்கிற அளவுக்குள் இல்லை, சிறுநீரக நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் கூடுதல், இ.சி.ஜி.யில் ஏதோ மாற்றம் என்று பலர் அங்கேயே கழிந்துபோவார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை, டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போக வேண்டும் என்பதற்காக எதையும் மறைக்க வேண்டாம். சூரணம், லேகியம், பீடி, சாராயம், எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். இப்போது சாப்பிடுகிற மாத்திரையில் எதையாவது நிறுத்தச் சொல்வார்களா, எத்தனை வாரம் என்றும் கேளுங்கள். அப்பாவுக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருந்து, அதை நிறுத்தித்தான் புது மாத்திரையைத் தொடங்குவார்கள் என்றால், நான் சேர்க்க மாட்டேன். இருக்கிற மாத்திரையில் கட்டுப்படாமல், அதன் மேல் ஒன்றைக் கூட்டிப் பார்க்கிற சோதனை என்றால் யோசிக்கலாம்.

சேர்ந்த பிறகு மாத்திரையை எண்ணுவார்கள், காலி மாத்திரை அட்டையைக்கூடத் திருப்பிக் கேட்பார்கள். "அக்காவுக்கும் சுகர்தானே" என்று பாதியை அக்காவுக்குக் கொடுத்த ஒரு தம்பி எங்களிடம் வந்தார். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. பிடிக்கவில்லை என்றால் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமான வைத்தியத்தை மறுக்கவும் முடியாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது சில மருந்துகளில் ஆகாது, கடைசியாக ஒரு பரிசோதனை செய்துகொண்டு விலகுவதுதான் நல்லது.

சோதனை முடிந்ததும் இலவச மாத்திரையும் முடிந்துவிடும். அப்பாவுக்கு அது நன்றாகக் கேட்டிருந்து, வேறு மருந்தே இல்லை என்று டாக்டர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால்தான் தொடர்ந்து தருவார்கள். சர்க்கரைக்கு எத்தனையோ மருந்து இருப்பதால் அந்த வாய்ப்பு குறைவு. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற பதிவை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிற அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் 2021-இல் தொடங்கியது, உங்கள் வீட்டுக்கும் ஒரு அக்கா மாதம் மாதம் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பவராக இருக்கலாம். அவரிடம் அப்பா சோதனையில் இருக்கிறார் என்று சொல்லி, எந்த மாத்திரையைத் தொடரணும், எதை நிறுத்தணும் என்று பெங்களூரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுங்கள். அதைச் செய்யாத வீடுகளில் இரண்டு பக்கத்து மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும், பெரியவர் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்.