பிராண்டுகள் தங்களுக்குப் பொருள் செய்து தரும் சப்ளையர்களிடம் தணிக்கை நடத்தியும் குழந்தைத் தொழிலாளர்கள் கண்ணில் படாதது ஏன்?

தணிக்கையாளர் போகும் இடமே பெரும்பாலும் தவறு. பிராண்டோடு நேரடி ஒப்பந்தம் உள்ள முதல்நிலைத் தொழிற்சாலைக்கு, அதுவும் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுப் போவார். குழந்தைகள் வேலை செய்வதோ அதற்கும் கீழே: வயலில், சுரங்கக் குழியில், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பட்டன் தைப்பில்.

கோகோவைப் பாருங்கள். மோசமான வகைக் குழந்தை உழைப்பை 2005-க்குள் ஒழிப்பதாக 2001-ல் சாக்லேட் துறை கையெழுத்திட்டது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பல சிறு தோட்டங்களின் கொட்டைகள் இடைத்தரகரிடம் ஒரே மூட்டையில் கலந்துவிட்டால், அப்புறம் எந்தச் சான்றிதழாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆடைத்துறையில் கணக்கே காட்டிக்கொடுக்கும். சட்டைக்கு 20 நிமிடம் என்றால் 40 தையல்காரர்கள் 8 மணி நேரத்தில் 960 தைப்பார்கள். 26 நாளில் சுமார் 25,000. மாதம் 40,000 போயிருந்தால் மிச்சம் 15,000 எங்கே தைத்தது? மிகைநேரப் பதிவேட்டையும் துணி வெளியே போன சீட்டுகளையும் கேளுங்கள். வயதுச் சான்றின் நகலை மட்டும் நம்பாதீர்கள். பள்ளிப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

குழந்தை கிடைத்ததும் உடனே வெளியே அனுப்புவதுதான் பெரிய தவறு (அறிக்கை மட்டும் சுத்தமாகும்). அந்தக் குழந்தை இன்னும் மோசமான வேலைக்குப் போகும். படிப்புச் செலவையும் இழந்த கூலிக்கு ஈடான உதவித்தொகையையும் சட்டப்படியான வேலை வயது வரும்வரை கொடுத்து, வீட்டில் ஒரு பெரியவருக்கு அந்த வேலையைத் தர வேண்டும். கொள்முதல் விலையை அடிமாட்டு விலைக்கு அழுத்திக்கொண்டே, குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற நடத்தை விதியை நீட்டினால், சப்ளையர் விதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை மறுபடி கீழே தள்ளிவிடுவார்.