ஈறு இறக்கமும் வாய் ஸ்கேனும்: கேள்வி பதில்

கேள்வி: மருத்துவர் கோடு போட்ட கம்பியால் அளந்து, ஈறு 2 மில்லிமீட்டர் இறங்கியிருப்பதாகச் சொன்னார். ஸ்கேன் எடுத்தால் இன்னும் துல்லியமாகத் தெரியுமா?

பதில்: எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டிலிருந்து ஈறு விளிம்பு வரையுள்ள தூரம்தான் இறக்கம். கம்பியில் 1.6 வந்தாலும் 2 என்றே பெரும்பாலும் எழுதுவார்கள்; பிடிக்கும் சாய்வு மாறினால் அளவும் மாறும். வாய்க்குள் சிறு கேமராவை நகர்த்தி எடுக்கும் ஸ்கேனிலோ, கிடைக்கும் முப்பரிமாண உருவத்தை நெடுக்காக வெட்டித் திரையிலேயே அளக்கலாம்.

ஆனால் ஒரே ஒரு ஸ்கேனால் பெரிய லாபம் இல்லை. ஓராண்டு கழித்து எடுப்பதை முதல் ஸ்கேன்மேல் பொருத்திப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல்லின் கடினமான பரப்பை வைத்துப் பொருத்த வேண்டும். ஈறுகளை வைத்துப் பொருத்தக் கூடாது, மாறுவதே அவைதானே. அப்படிப் பொருத்திவிட்டால், பல் தேய்ந்து அந்தக் கோடே அழிந்துபோனவர்களுக்கும் பழைய விளிம்பையும் புதிய விளிம்பையும் ஒப்பிட முடியும். ஆகவே முதல் ஸ்கேனின் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். எஸ்டிஎல் (STL) என்ற வகைக் கோப்பில் பொதுவாக நிறம் இருக்காது. நிறத்தோடு கூடிய பிஎல்ஒய் (PLY) கோப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு உண்டா?

பதில்: இல்லை. வெறும் ஒளிதான்.

கேள்வி: ஸ்கேன் எடுத்தாயிற்று. இனி கம்பியால் குத்திப் பார்க்க வேண்டியதில்லையே?

பதில்: வேண்டும். ஒளி படாத இடம் ஸ்கேனில் வராது. இறக்கம் 2, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பையின் ஆழம் 4 என்றால் மொத்த இழப்பு 6 மில்லிமீட்டர். ஸ்கேன் காட்டுவது அந்த 2 மட்டுமே. எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும்.

கேள்வி: ஆறு மாத இடைவெளியில் 0.15 மில்லிமீட்டர் வேறுபாடு. அறுவை சிகிச்சை செய்துகொள்ளவா?

பதில்: இதற்கா? வேண்டாம். மறுபடி அளக்கட்டும்.

மறுகேள்வி: ஸ்கேனரின் துல்லியம் 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர், என்று விளம்பரத்திலேயே இருக்கிறது. 150 மைக்ரானை எப்படி ஒதுக்குகிறீர்கள்?

பதில்: அத்தகைய எண்கள் பெரும்பாலும் அசையாத, உலர்ந்த மாதிரிப் பல்வரிசையில் எடுத்தவை. வாய்க்குள் எச்சில் மின்னுகிறது, கன்னம் குறுக்கே வருகிறது. பொருத்தும்போது ஒரு பிழை, புள்ளி வைக்கும் கை ஒரு பிழை. எல்லாவற்றுக்கும் மேல் ஈறு கல்லல்ல, வீங்கும், வடியும். பற்காரை எடுத்தபின், அதாவது ஸ்கேலிங் செய்தபின், வீக்கம் வடிந்தால் விளிம்பு வேர்ப்பக்கம் நகரும். திரையில் அது இறக்கமாகத் தெரியும், நடந்திருப்பதோ குணம்.

மறுகேள்வி: அப்படியானால் ஸ்கேனே வீண் என்கிறீர்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. அடுத்தடுத்த ஸ்கேன்களிலும் அதே இடம், அதே திசையில் நகர்ந்தால் நம்புவேன். எந்த இடத்தில் ஈறு மெலிகிறது என்பதையும் அது காட்டும். கம்பியின் எண்ணில் அது கிடைக்காது. ஒற்றை 0.15-ஐ வைத்து யாரும் கத்தி எடுக்கக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்கேலிங் செய்தபின் ஈறு இறங்கிவிட்டது. ஸ்கேலிங்தானே காரணம்?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். வடிந்தது வீக்கம்.

கேள்வி: ஸ்கேலிங்கை நிறுத்தினால் ஈறு மேலே ஏறுமா?

பதில்: வீங்கும். அதை ஏற்றம் என்று நினைத்து மகிழாதீர்கள். ஸ்கேலிங் பற்றி இனி பதில் கிடையாது.

கேள்வி: கைபேசிப் படம் போதுமா?

பதில்: அளக்கப் போதாது.

கேள்வி: இறங்கிய ஈறு தானாக வளருமா?

பதில்: வளராது. திசு ஒட்டு வைத்து வேரை மூடலாம். எவ்வளவு மூடும் என்பது பல்லிடுக்கில் திசுவும் எலும்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஈறு சிகிச்சை நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: பல் சீரமைப்புக்கு முன் எடுத்த ஸ்கேன் இருக்கிறது. இப்போது ஒப்பிடலாமா?

பதில்: நல்ல கேள்வி. பற்கள் நகர்ந்துவிட்டதால் மொத்த வரிசையையும் ஒன்றாகப் பொருத்தினால் எல்லாமே தவறாக வரும். ஒவ்வொரு பல்லாகப் பிரித்து, தனித்தனியே பொருத்த வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் முடியும். கோப்பு உங்கள் கையில் இருக்கிறதா, மருத்துவமனைக் கணினியில் இருக்கிறதா? அங்கே என்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.