ஒரு முனைக் கம்பியும் உதட்டில் சுரீரும்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்புறமுள்ள பால்மரத்தில் 20 மீட்டர் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டி, ஒரு முனையில் 49-க்கு 1 மின்மாற்றி (மின்தடையைப் பொருத்தும் கருவி) வழியாக அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் அலைவரிசையில் (சுமார் 7 மெகாஹெர்ட்ஸ்) பேசுகிறேன். அனுப்பும்போது மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. ஏன்?

பதில்: உங்களுடையதுபோல் அரை அலை நீளக் (40 மீட்டரில் பாதி) கம்பிக்கும், திரும்பிச் செல்லும் மின்னோட்டத்துக்கு ஒரு வழி வேண்டும், நீங்கள் தனிக் கம்பி எதுவும் தராததால், அது வானொலிக் கருவியையும் மின்மாற்றியையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் உலோக வெளியுறை வழியாக உங்கள் மேசைக்கே வந்துவிடுகிறது. மின்மாற்றியின் தரை முனையில் 2 மீட்டர் கம்பி ஒன்றை இணைத்து, கேபிளை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றி மின்மாற்றியருகே வைத்தால் சுரீர் பெரும்பாலும் அடங்கும்.

கம்பியின் கடைசி முனையை நைலான் கயிற்றால் இழுத்து, இலைகளிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். 100 வாட்டில் அங்கே 500 வோல்ட்டுக்கு மேல் எழும் என்பதால் ஈர இலை பட்டாலே எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) தடுமாறும். ஒத்ததிர்வு (கம்பி இயல்பாக அதிரும் அலைவெண்) 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் கம்பியில் 10 சென்டிமீட்டர் வெட்டுங்கள், சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலேறும். (அவசரப்பட்டு வெட்டிவிட்டு ஒட்டுப்போட்டவன் நான்.) பிற்பகல் இடி முழங்குமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.