டிஸ்க் மிரரிங்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: சர்வரில் இரண்டு டிஸ்க்கை மிரர் செய்திருக்கிறேன். பேக்கப் தனியாக வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். மிரர் என்றால் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது; ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடத்தான் அது. ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழிந்துவிடும், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலும் அப்படித்தான். இன்னொரு பிரதி வேறு மெஷினில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: சர்வர் நன்றாக ஓடுகிறது. ஒரு டிஸ்க் போனால் எப்படித் தெரியும்?

நன்றாக ஓடுவதுதான் ஆபத்தே. லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு (பல டிஸ்க்கை லினக்ஸே ஒன்றாகச் சேர்த்து நடத்தும் முறை, மிரரும் அதில் ஒரு வகை) என்றால், அதன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் (/proc/mdstat) பாருங்கள்: சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ இருந்தால் சரி, ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும் இருந்தால் ஒரு டிஸ்க் ஏற்கெனவே கழன்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் அந்த அடிக்கோடு பல வாரம் அப்படியே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மெயில்கள் தவறாமல் வந்திருக்கின்றன, ஆனால் எல்லாம் யாரும் திறக்காத ரூட் (சர்வர் நிர்வாகி) கணக்கில் குவிந்து கிடந்தன. தயவுசெய்து இன்றே ஒரு சோதனை மெயில் அனுப்பி, அது உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழுதான டிஸ்க்கை மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சீரியல் நம்பர். அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் உண்டு. அப்புறம், புது டிஸ்க் பழையதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் மிரரில் சேராது.

கேள்வி: 8 டெராபைட் டிஸ்க் 4 இருக்கிறது. ரெய்டு 5 போடலாமா?

ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் அளவு இடம் மீட்புத் தகவலுக்குப் போகும், மீதி 24 டெராபைட் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று போய் ரீபில்டு (போன டிஸ்க்கின் டேட்டாவைப் புது டிஸ்க்கில் மறுபடி உருவாக்குவது) நடக்கும்போது மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும், அதாவது அந்த 24 டெராபைட்டையும். பல சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளிலேயே சுமார் 12.5 டெராபைட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்றுதான் போட்டிருக்கும். நிஜத்தில் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லை, இருந்தாலும் அந்த நேரத்தில் துணைக்கு எதுவும் இல்லை. நான் ரெய்டு 6 போடுவேன்: மீட்புத் தகவலுக்கு இரண்டு டிஸ்க் அளவு போவதால் இடம் 16 டெராபைட்டாகக் குறையும், எந்த இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா நிற்கும். ரெய்டு 10-லும் (மிரர் ஜோடிகளை ஒன்றாகச் சேர்த்தது) அதே இடம்தான், வேகமும் உண்டு, ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் எல்லாம் போச்சு.

கேள்வி: மிரரில் முதல் டிஸ்க்கைக் கழற்றினால் சர்வர் பூட் ஆகவில்லையே?

பூட்லோடர் (ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) முதல் டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. இரண்டாவதிலும் நிறுவுங்கள், யூஇஎஃப்ஐ (புதிய மெஷின்களின் தொடக்க முறை) என்றால் முதல் டிஸ்க்கில் உள்ள சிறிய பூட் பார்ட்டிஷனையும் (தொடக்கக் கோப்புகள் இருக்கும் பகுதி) அதில் உருவாக்கி நகலெடுங்கள். பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி கழற்றிப் பாருங்கள்.