வீரமணி ஐயர் நிகழ்ச்சிக்கு நிதி: முதலில் குடும்பத்தாரின் கடிதம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்த சாகித்தியகர்த்தா (பாடல் இயற்றியவர்) வீரமணி ஐயரின் கீர்த்தனைகளை வைத்துக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கச்சேரி, கூடவே ஓர் ஆய்வு நூல். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பிரித்துவிடுங்கள். கச்சேரிக்குத் தருபவர் மண்டபச் செலவைப் பார்ப்பார். ஆய்வுக்குத் தருபவர் கையெழுத்துப் பிரதி யாரிடம் என்று கேட்பார்.

அதைவிட முக்கியம் உரிமை. ஐயர் காலமானது 2003இல். இலங்கைச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. குடும்பத்தாரின் சம்மதக் கடிதத்தை இப்போதே வாங்கி இணையுங்கள். 'கோயிலில் எல்லாரும் பாடுகிற பாட்டுத்தானே' என்பதெல்லாம் நிதி தருபவரிடம் எடுபடாது.

விண்ணப்பத்தில் 'மாமேதை' என்று பக்கம் நிரப்பாதீர்கள். ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் (கர்நாடக இசையின் தாய் ராகங்கள்) கீர்த்தனை செய்தவர். அவற்றில் மேடையில் அதிகம் கேட்காத நாலைந்தைச் சுரதாளக் குறிப்போடு பதிவுசெய்து தருவோம் என்று எழுதுங்கள். செலவுக் கணக்கில் பக்கவாத்தியக்காரரின் சன்மானத்தைக் குறைத்துக் காட்டவும் வேண்டாம், பிறகு நீங்கள்தான் கைக்காசு போடவேண்டி வரும்.